அடிமை முறையும் செங்கற்பட்டுச் சீமையும்

மனிதன் மனிதனை விலைக்கு வாங்கி விற்ற வரலாறு, மனிதன் எழுதக் கற்ற வரலாற்றோடு ஒட்டிப் பிறந்தது. மெசபொதேமியா நாட்டிலே களிமண் பலகைகளில் எழுத்துப் பொறித்த தொடக்கக் காலத்திலேயே அடிமைகளைப் பற்றிய குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அம்முராபி மன்னனின் சட்டத்தில், ஓடிவந்த அடிமைக்குத் தன் வீட்டில் புகலிடம் அளித்தவனுக்கு மரண தண்டனை கூறப்பட்டுள்ளது. வீட்டையும் மாட்டையும் காக்க எழுந்த சட்டம், ஆளையும் அவற்றோடு ஒரே வரிசையில் வைத்துக் காத்தது.

இம்மலரைப் படிக்கும் நம் இளைஞர்களுள் பலர், அடிமை என்றவுடன் ஆப்பிரிக்க நாட்டு மக்களையும், விலங்கு பூட்டி ஏற்றிய கப்பலையும், அமெரிக்கப் பருத்திக் காட்டையுமே நினைப்பர். பள்ளிப் பாடநூல்கள் அவ்வாறே கற்பித்துள்ளன. அது மெய், ஆனால் முழு மெய்யன்று. பூந்தமல்லியும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சியும் உள்ளடங்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலும் அடிமை முறை இருந்தது. அதனை ஒழிக்கச் சட்டமும் வந்தது. சட்டம் வந்த பின்னர் அந்த அடிமைத்தனம் எங்கே போய் ஒளிந்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

பழைய உலகம்

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரம் மக்களாட்சியின் பிறப்பிடம் எனப் போற்றப்படுகின்றது. அந்நகரின் செல்வத்திற்கு ஊற்றாக விளங்கிய லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான அடிமைகள் வெளிச்சம் காணாது உழைத்து மடிந்தனர். அறிஞர் அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்று வகைப்படுத்தினார். எத்துணைப் பெரிய அறிவும் தன் காலத்துச் சோற்றுக்கு வக்காலத்து வாங்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

அதே ஏதென்சில் ஒரு செய்தி நம் கருத்துக்கு உரியது. கி.மு. 594 அளவில் சோலன் என்னும் சட்ட மேதை, கடனுக்காக நகரக் குடிமகன் தன்னையோ தன் பிள்ளைகளையோ அடகு வைப்பதைத் தடை செய்தார். நிலத்தில் நட்டிருந்த அடமானக் கற்களைப் பிடுங்கி எறியச் செய்தார். குடிமக்கள் மீண்டனர். ஆயின் அவர்கள் விட்ட வேலைக்கு வெளிநாட்டார் பிடித்துவரப்பட்டனர். ஓர் ஊரில் ஒரு பகுதியார் பெறும் விடுதலை இன்னொரு பகுதியாரின் தளையாக மாறக்கூடும் என்பதை இதனின்றும் அறியலாம்.

உரோமானியர் காலத்தில் ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமை வீரன் கி.மு. 73இல் கிளர்ந்தெழுந்தான். ஈராண்டுகள் பேரரசையே நடுங்க வைத்தான். அவன் வீழ்ந்த பின்னர், பிடிபட்ட 6,000 பேர் கப்புவா நகரிலிருந்து உரோம் வரை சாலையோரத்தில் சிலுவையில் அறையப்பட்டனர்.

இந்தியாவில் அடிமைகளே இல்லை என்று மெகஸ்தனிஸ் எழுதி வைத்ததாகப் பழைய கிரேக்க ஆசிரியர்கள் கூறுவர். அதனை மேற்கோள் காட்டி நெஞ்சு நிமிர்த்துவோர் இன்றும் உளர். ஆனால் அவர் வந்து சென்ற அரை நூற்றாண்டுக்குள் அசோக மன்னன் பொறித்த கல்வெட்டுகளே, அடிமைகளையும் பணியாட்களையும் முறையாக நடத்துங்கள் என்று அறிவுறுத்துகின்றன. இல்லாதவரை எவ்வாறு நடத்துவது? அர்த்தசாஸ்திரம் அடிமைகளுக்கென ஒரு பகுதியையே ஒதுக்குகின்றது. மனுநூல் அடிமைகளை ஏழு வகையாகப் பிரிக்கின்றது. போரில் பிடிபட்டவன், சோற்றுக்காக அடிமையானவன், வீட்டில் பிறந்தவன், விலைக்கு வாங்கப்பட்டவன் என்று அப்பட்டியல் செல்கின்றது.

தமிழகத்தில் ஆள் விலை

தமிழகம் இதற்கு விலக்கன்று. தொல்காப்பியம் அடியோர், வினைவலர் என்னும் இருசாராரைக் குறிக்கின்றது. பகை நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட கொண்டி மகளிர் பட்டினப்பாலையில் வருகின்றனர். சோழர் காலத்தின் பிற்பகுதியில் ஆள் விற்பனைக்கு ஆள்விலைப் பிரமாணம் என்றே பெயர் வழங்கிற்று. நிலம் விற்கும் பத்திரம் எவ்வாறு எழுதப்பட்டதோ அவ்வாறே ஆள் விற்கும் பத்திரமும் எழுதப்பட்டது. கோயிலுக்கு விற்கப்பட்டோர்க்குச் சூலக்குறி இட்ட செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு.

சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தன்று ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டி வழக்காடிய வரலாற்றைப் பெரிய புராணம் வாயிலாக நம்மில் பெரும்பாலோர் அறிவோம். பக்தியின் பெருமைக்காகக் கூறப்பட்ட கதை அது. வரலாற்று மாணவன் அதில் வேறொன்றையும் காண்பான். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதும், ஊர்ச் சபை அவ்வோலையை மூல ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் என்பதும் கேட்போர்க்குப் பழகிய செய்திகளாக இருந்தமையால்தான் அக்கதை நின்றது. இறைவனுக்கு அடிமை என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அடியார்க்கு அச்சொல் அணிகலன். களத்து மேட்டில் நின்றவனுக்கோ அதைச் சூடவும் களையவும் உரிமையில்லை.

ஒரு கல்வெட்டைச் சற்று நின்று நோக்குவோம். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் திருப்பாம்புரம் என்னும் ஊர் உள்ளது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டளவில், அப்பகுதியைக் கொடும் பஞ்சம் பற்றியது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. அப்போது ஒரு வேளாளர் தம் இரு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். நிலத்தோடு தொடர்புடைய குலத்தவரே பஞ்சம் வந்தபோது அடிமையாயினர் என்பதை இது காட்டுகின்றது. எனவே அடிமைத்தனம் ஒரு சாதியாரின் இரத்தத்திலோ தலையெழுத்திலோ பிறந்ததன்று. பசியும் கடனும் போரும் எவரையும் அடிமையாக்கும். நம் மக்கள் செய்தியில் வேறுபாடு யாதெனில், பிறருக்குப் பஞ்சத்தோடு வந்து பஞ்சத்தோடு போன நிலை, நமக்குத் தலைமுறை தலைமுறையாய் நிலைத்துவிட்டமையே ஆகும். அதற்குத் தீண்டாமை வேலியாயிற்று. ஓடிப்போன அடிமை அடுத்த ஊரில் வேறொருவனாக வாழ இயலும். தீண்டாமைக்குட்பட்டவன் அடுத்த ஊரிலும் சேரிக்கே போகவேண்டும்.

கடல் கடந்த வாணிகத்திலும் நம் கடற்கரைக்குப் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர், பஞ்சக் காலங்களில் பல்லாயிரம் பேரை வாங்கி ஜாவாத் தீவின் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினர். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கும்பினியாரும் தலைக்கு ஒரு வராகன் சுங்கம் பெற்றுக்கொண்டு ஆளேற்றுமதிக்கு இசைந்திருந்தனர். 1688ஆம் ஆண்டில், முகலாய அதிகாரிகளின் எதிர்ப்புக்குப் பின்னரே அது தடுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து ஆட்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்பதைத் தடை செய்து கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1789இல் அறிவிக்கை விடுத்தார்.

ஈடு பெற்றவர் யார்?

அட்லாண்டிக் கடலில் நடந்த ஆப்பிரிக்க அடிமை வாணிகம் அளவில் மற்றெல்லாவற்றையும் விஞ்சியது. ஏறத்தாழ 1,25,00,000 பேர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் கரை சேர்ந்தோர் 1,07,00,000 பேர் எனக் கப்பற் பதிவேடுகளை ஆராய்ந்தோர் கணக்கிடுகின்றனர். இடைப்பட்டவர் கடலில் மாய்ந்தனர். 1781ஆம் ஆண்டில் சோங் என்னும் கப்பலின் மாலுமிகள் 130 பேருக்கு மேற்பட்டோரை உயிரோடு கடலில் தள்ளினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. கொலை வழக்காக அன்று; இழந்த சரக்கிற்குக் காப்பீட்டுத் தொகை கேட்ட வழக்காக!

பிரிட்டன் 1807இல் அடிமை வாணிகத்தையும், 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையும் சட்டத்தால் ஒழித்தது. ஏறத்தாழ 8,00,000 பேர் விடுதலை பெற்றனர். அப்போது இரண்டு கோடி பவுன் ஈட்டுத் தொகை வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அத்தொகை முழுதும் உடையவர்களுக்கே சென்றது. அதற்காகப் பிரிட்டன் வாங்கிய கடன் 2015ஆம் ஆண்டில்தான் அடைந்து தீர்ந்தது என்று அந்நாட்டு நிதித்துறையே கூறியுள்ளது.

அயிட்டி நாட்டின் கதை இதனினும் கொடிது. 1791இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் பிரெஞ்சுப் படையை முறியடித்து 1804இல் தனி நாடு கண்டனர். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த உடைமைக்கு 15 கோடி பிராங்கு தரவேண்டும் என்று மிரட்டி ஒப்பந்தம் வாங்கிற்று. உடைமை என்பதில் அம்மக்களின் உடல்களும் அடக்கம். ரஷ்யாவில் 1861இல் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்திற்கு 49 ஆண்டுத் தவணை கட்டவேண்டும் என விதிக்கப்பட்டனர். 1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அத்தவணை நீங்கிற்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் கடற்கரை நிலங்களைக் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றோர்க்குப் பகிர ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஜான்சன் அந்நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். நிலமின்றி விடுதலை பெற்றவர் அதே காட்டில் வாரத்திற்கும் கடனுக்கும் உழுதனர்.

இத்துணையும் கூறியது கதைக்காக அன்று. விடுதலை என்பது ஒரு நாளில் படிக்கப்படும் அறிவிக்கை மட்டுமன்று. மறுநாள் காலையில் அவன் எந்த மண்ணில் நிற்பான், யாரிடம் கூலி பெறுவான் என்பதைப் பொறுத்தே அது விளங்கும். இதை நினைவிற்கொண்டு நம் ஜில்லாவிற்கு வருவோம்.

நம் சீமை

செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார் 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்றனர். இங்கே நிலம் மிராசு முறையில் இருந்தது. காணியாட்சி பெற்ற மிராசுதாரர் ஊரின் நன்செய் புன்செய்க்கு மட்டுமன்றித் தரிசுக்கும், தோப்புக்கும், குடியிருப்பு நத்தத்திற்கும் உரிமை கொண்டாடினர். உழைத்தவர்கள் படியாட்கள் எனப்பட்டனர். படியால் அளந்து கூலி பெற்றமையால் அப்பெயர் வந்தது என்பர். பெரும்பாலோர் பறையர் குலத்தினர். 1800ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சி வழியாக மைசூர் நோக்கிச் சென்றார். பென்னலூரை ஒட்டி இன்று பெங்களூர் நெடுஞ்சாலை ஓடும் ஏறத்தாழ அதே வழிதான். இப்பகுதியில் பிராமண நிலவுடைமையாளரின் வயல்களில் தாழ்ந்த குலத்தோர் அடிமைகளாக உழைத்த நிலையை அவர் தம் நூலில் குறித்தார்.

1819இல் சென்னை ரெவினியூ போர்டு தன் கலெக்டர்களிடம் அடிமை முறை பற்றி விசாரணை நடத்திற்று. ஜில்லாவுக்கு ஜில்லா முறை வேறுபட்டது. மலபாரில் ஆட்களை நிலத்தினின்றும் பிரித்துத் தனியே விற்றனர். நிலவரி பாக்கிக்காக அரசே அங்கு ஆட்களை ஏலம் போட்ட கொடுமையும் நடந்தது. அவ்வாண்டிலேதான் அது நிறுத்தப்பட்டது. தமிழ் ஜில்லாக்களில் பெரும்பாலும் ஆள் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தான். நிலம் கை மாறினால் அவனும் கை மாறினான்.

பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினி ஆண்ட இந்தியாவையும் இலங்கையையும் விலக்கிவைத்தது. சர்க்கரைத் தோட்ட முதலாளிகளுக்குக் கொட்டிக்கொடுத்தவர்கள், இங்கே மிராசுதாரரின் மனத்தையும் நிலவரியின் வருவாயையும் கலைக்க விரும்பவில்லை. 1841இல் இந்தியச் சட்ட ஆணையம் அடிமை முறை பற்றி விரிவான அறிக்கை அளித்தது. அதன்பின் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது. அரசு அதிகாரி எவரும் வரி பாக்கிக்கோ நீதிமன்ற ஆணைக்கோ ஆளை விற்கலாகாது. அடிமை உரிமை கோரும் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவன் ஈட்டிய பொருளைப் பறிக்கலாகாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமை எனப்படுவோனுக்குச் செய்தாலும் குற்றம். இலங்கையிலும் 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது.

சட்டம் நல்ல சட்டமே. ஆனால் அடிமையை வைத்திருப்பதைக் குற்றம் என்று அது கூறவில்லை. அது 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான் சேர்ந்தது. விடுதலை பெற்றவனுக்கு ஒரு குழி நிலமோ ஒரு மனையோ தரவும் இல்லை. நீதிமன்றம் இருக்கும் திசையே அறியாத படியாளுக்கு, நீதிமன்றம் உன் எசமானின் வழக்கை ஏற்காது என்னும் செய்தியால் விளைந்த பயன் யாது?

மாறாக வேறொரு சட்டம் விரைந்து வந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டப்படி, முன்பணம் பெற்ற வேலையாள் வேலையை விட்டுச் சென்றால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பவோ வேலையைச் செய்யவோ ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அடிமை என்னும் சொல் போயிற்று, முன்பணம் என்னும் சொல் வந்தது. 1925 வரை அச்சட்டம் ஏட்டில் இருந்தது.

இந்நிலையில்தான் நம் முன்னோரில் பல்லாயிரவர் கப்பலேறினர். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. மொரீசியசுக்கும் மலேயாவுக்கும் இலங்கைத் தேயிலைக் காட்டிற்கும் சென்றோர் தொகை பெரிது. அங்கும் ஒப்பந்தச் சீட்டும் கங்காணியின் கடன் கணக்கும் காத்திருந்தன. எனினும் திரும்பி வந்தவன் கையில் சிறிது காசும், அதைவிட முதன்மையாக, எசமான் இல்லாத ஊர் ஒன்று உலகில் உண்டு என்னும் அறிவும் இருந்தன.

ட்ரெமென்ஹீர் எழுதிய குறிப்பு

1880களின் இறுதியில் செங்கற்பட்டில் ஸ்காட்லாந்துச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ பாதிரியாரும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கவுடி பாதிரியாரும் சேரி மக்களின் நிலையை அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதத் தொடங்கினர். அவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கமும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நோக்கம் எதுவாயினும் எழுதியது மெய்.

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் நிலை பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். நாம் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஆவணம் இது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒழிந்ததாகக் கருதப்பட்ட அடிமைத்தனம் எந்தக் கயிற்றால் இன்னும் கட்டி நிற்கின்றது என்பதை அவர் ஆராய்ந்தார். முதற்கயிறு கடன். திருமணத்திற்கோ இறப்புச் சடங்கிற்கோ வாங்கிய சிறு தொகைக்கு, அது தீரும்வரை வேறெவரிடமும் செல்லாமல் உழைப்பதாகப் படியாள் சீட்டு எழுதிக்கொடுத்தான். கூலி கடனைக் கழிப்பதில்லை. எனவே கடன் தீர்வதில்லை. தகப்பன் கடன் மகனுக்கு வந்தது.

இரண்டாவது கயிறு கண்ணுக்குப் புலப்படாதது. அதுவே வலியது. படியாளின் குடிசை நின்ற மண், மிராசுதாரரின் உரிமை என்று கூறப்பட்டது. கூலி போதாது என்று வாய் திறந்தால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், வேறொருவர் நிலத்தை வாரத்திற்குக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. பிரித்துக்கொண்டு எங்கே போவது? ஊரைச் சுற்றிலும் தரிசு கிடந்தாலும் தர்க்காஸ்து விதிகளின்படி அதைக் கேட்க முதலுரிமை மிராசுதாரருக்கே இருந்தது. தாமே பயிரிடவும் மாட்டார். பயிரிட முன்வரும் சேரியானுக்கு விடவும் மாட்டார். தரிசு தரிசாகவே கிடப்பது அவருக்கு ஆதாயம். நிலம் கிடைத்தால் ஆள் கிடைக்கமாட்டான் அல்லவா?

ஆகவே சேரி மக்களுக்கு மனை வேண்டும், பயிரிட நிலம் வேண்டும், பள்ளி வேண்டும் என்று ட்ரெமென்ஹீர் பரிந்துரைத்தார். அரசு பலவற்றைத் தட்டிக்கழித்தது. என்றாலும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் ரெவினியூ அரசாணை வாயிலாகத் தாழ்த்தப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்கும் வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது இதுவே. முதற்பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டுமே விற்கலாம் என்னும் நிபந்தனை அதனோடு சேர்ந்தது. அமெரிக்கர் 1865இல் கொடுத்துப் பறித்த 40 ஏக்கரின் கதையை மேலே கண்டோம். நம் பஞ்சமி நிலம் ஆணையால் பறிக்கப்படவில்லை. கடனுக்கும், மிரட்டலுக்கும், எழுத்தறியாக் கைநாட்டிற்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிற்று. 1994 அக்டோபரில் இதே செங்கற்பட்டுப் பகுதியின் காரணை என்னும் ஊரில் பஞ்சமி நில மீட்புக்குப் போராடியோர் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நிபந்தனைக்கு மாறான விற்பனை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்பேட்டைகள் எழுந்து நிலத்தின் விலை பன்மடங்கு ஏறிவிட்ட இந்நாளில், அந்நிபந்தனையின் மதிப்பு முன்னெப்போதையும் விடப் பெரிது.

மனைக்கு விலை கொடுத்தவர்

1920ஐ ஒட்டிச் சென்னை அரசு லேபர் கமிஷனர் என்னும் பதவியை ஏற்படுத்தித் தாழ்த்தப்பட்டோர் நலனை அவரிடம் ஒப்படைத்தது. அத்துறை செங்கற்பட்டு, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களில் சேரி மனைகளை நிலவுடைமையாளரிடமிருந்து கையகப்படுத்தி மக்களுக்கு அளித்தது. இன்று சேரியிலும் காலனியிலும் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. ஆனால் அம்மனைகள் பெரும்பாலும் இலவசமாக வந்தவை அல்ல. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதன் உறுப்பினராகி, ஆண்டுதோறும் தவணை கட்டியே நம் பாட்டனும் பூட்டனும் அவற்றைப் பெற்றனர். ரஷ்யப் பண்ணையடிமை கட்டிய தவணையையும் அயிட்டி மக்கள் கொடுத்த பணத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். இலண்டனில் உடையவனுக்கு ஈடு. இங்கேயும் உடையவனுக்கே ஈடு. தலைமுறைகளாய்க் குடியிருந்த மண்ணுக்கு, குடியிருந்தவனே விலை கொடுத்தான். நமக்கு எல்லாம் சலுகையாகக் கிடைத்தன என்று கூறுவோரிடம் இந்தத் தவணைக் கணக்கை எடுத்துரைப்பது நன்று.

அதே லேபர் துறை பள்ளிக்கூடங்களையும் திறந்தது. லேபர் ஸ்கூல் என்றே நம் பெரியவர்கள் அவற்றைக் கூறுவர். பின்னாளில் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. அதற்கு முன்னரே 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே இதழ் நடத்தி, இலண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து பேசினார்.

அடிமை முறைக்கும் எழுத்துக்கும் உள்ள பகை பழையது. 1831இல் வெர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமை கிளர்ச்சி செய்தபின், அமெரிக்கத் தென் மாநிலங்கள் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைச் சட்டத்தால் கடுமையாகத் தடுத்தன. பிரெடரிக் டக்ளஸ் என்னும் அடிமைச் சிறுவன் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்று, 1838இல் தப்பி ஓடி, 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டான். நம் ஜில்லாவில் அவ்வாறு சட்டம் போடத் தேவை இருக்கவில்லை. சேரிப் பிள்ளை நுழையாத திண்ணைப் பள்ளியே போதுமானதாக இருந்தது. தான் எழுதிக்கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்று படிக்கத் தெரியாதவனிடமே அந்தச் சீட்டு செல்லும். நம் கழகம் கால் நூற்றாண்டாகச் செய்துவரும் மாலைப் பாட வகுப்பை இக்கண்கொண்டு காண்பது பொருந்தும்.

இன்றைய சட்டம்

அரசியல் சட்டத்தின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1971இல் தமிழக அரசு குடியிருப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அம்மனையை உரிமையாக்கியது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நிலைபெற்ற கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையின் கடன் முழுதும் அழிந்தது என்று அறிவித்தது. அதன் எட்டாம் பிரிவை இளைஞர்கள் தனியே படிக்கவேண்டும். விடுவிக்கப்பட்ட கொத்தடிமையை அவன் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றலாகாது என்கின்றது அப்பிரிவு. 1843ஆம் ஆண்டுச் சட்டம் மறந்ததும், 1891இல் ட்ரெமென்ஹீர் சுட்டியதும் இதுதான். சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 133 ஆண்டுகள் ஆயின. பதினைந்தாம் பிரிவு இன்னும் கூர்மையானது: இது கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

தொழிற்பேட்டை வேலையையெல்லாம் அடிமைத்தனம் என்று கூறுவோரோடு நான் உடன்படவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் குறைகள் பெரியவை. ஆயினும் மாலையில் வாயிலைத் தாண்டி வெளியே வரவும், மறுமாதம் வேறு வேலை தேடவும் அவனால் முடிகின்றது. சொற்களைக் கண்டபடி வழங்கினால், உண்மையான கொத்தடிமை நம் கண்ணில் படாமற் போய்விடுவான். அவன் இருக்கின்றான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் தொழிலிடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டனர். அவர்கள் இருளர் குலத்தினர். சிறு முன்பணத்திற்காக ஆண்டுக்கணக்கில் குடும்பத்தோடு வெளியேற முடியாது கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய புகைப்படத்தை நாளிதழ்கள் வெளியிட்டன. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் இவ்வாறு மீட்கப்பட்டோர் நம் மாவட்டங்களில் பலர்.

அவ்வாறு எவரேனும் நம் ஊர்ப்புறத்தில் இருப்பது தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் அறிவிக்கலாம். உறவினர் என்றோ சாட்சி என்றோ இருக்கவேண்டும் என்பதில்லை. விசாரணைக்குப் பின் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குவார். அந்த ஒரு தாள் கையில் இருந்தால்தான் 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டப்படி ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ரூபாய் வரையிலான உதவியைக் கேட்க இயலும். இம்முறை ஈடு, உழைத்தவன் பெயருக்கு எழுதப்படுகின்றது.